பிரைவேட் இல்லாத மொழியில் கிளாஸ் எதற்கு?

கேள்வி, 3 அக்டோபர் 2024

அக்கா, காலேஜில் நாலு வருஷமும் ஜாவாதான். இப்போது வேலைக்காகப் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி படிக்கிறேன். வெளியாள் தொடாமல் பூட்டி வைக்கும் பிரைவேட் கிடையாது, புரொடெக்டட் கிடையாது. கிளாஸுக்குள் எழுதும் ஒவ்வொரு ஃபங்ஷனிலும், அதாவது மெத்தடிலும், செல்ஃப் என்று நாமே எழுத வேண்டியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் வெளியே நின்று, கிளாஸ் என்ற அச்சில் வார்த்த ஆப்ஜெக்டுக்குள் கையை விடலாம். இதைப் போய் ஓஓபி, அதாவது கிளாஸும் ஆப்ஜெக்டும் வைத்து எழுதும் மொழி என்கிறார்களே, பின்னால் ஒட்டவைத்த மாதிரி இல்லையா? நேற்று கிண்டியில் ஒரு இன்டர்வியூ. பைத்தானில் என்காப்சுலேஷன், அதாவது உள் விவரங்களை மறைத்துக் காப்பது, எப்படிச் செய்வாய் என்று கேட்டார்கள். முழித்துக்கொண்டு வந்தேன்.

3 அக்டோபர், இரவு 11.20

ஒட்டவைத்தது இல்லை தம்பி. 1991 பிப்ரவரியில் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் 0.9.0 பதிப்பை வெளியே விட்டபோதே கிளாஸும், ஒரு கிளாஸ் இன்னொன்றுக்குப் பிள்ளையாகும் இன்ஹெரிட்டன்ஸும் அதற்குள் இருந்தன. ஒட்டவைத்ததைப் பார்க்கணும்னா பெர்ல் 5 என்ற மொழிப் பக்கம் போ. 1994இல் வந்தது. அங்கே பேரும் மதிப்பும் ஜோடியாக வைக்கும் சாதாரண ஹாஷ் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி 'பிளெஸ்' என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆப்ஜெக்ட் ஆகிவிடும். நெற்றியில் திருநீறு பூசுவது மட்டும்தான் பாக்கி.

பிரைவேட் விஷயத்துக்கு வருவோம். பேருக்கு முன்னால் ஒற்றை அடிக்கோடு போட்டால் 'இது உள் விவகாரம், தொடாதே' என்று அர்த்தம். பஸ் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு சீட் பிடிக்கிறோமே, அதேதான். கைக்குட்டைக்குப் பூட்டா இருக்கிறது? இருந்தாலும் யாரும் உட்கார மாட்டார்கள். ஊர் வழக்கம் போதும்.

முதல் ஓஓபி மொழி என்று எல்லாரும் காட்டுகிற சிமுலா 67 வந்தபோது அதிலும் மறைக்கும் வசதி கிடையாது, பின்னால்தான் சேர்த்தார்கள். உன் கணக்குப்படி பார்த்தால் அதுவும் ஓஓபி இல்லை.

4 அக்டோபர், காலை 8.05

29சி பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதுகிறேன். கைக்குட்டை உவமையைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும் போல. என் கண்ணெதிரே ஒரு அம்மா கைக்குட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு ஜம்மென்று உட்கார்ந்துவிட்டாள். சண்டை நடக்கிறது.

ஆனாலும் ஒன்று. ஜாவாவில் பூட்டு இருக்கிறதே என்றால், அங்கேயும் ஓடும்போதே கிளாஸின் உள்ளமைப்பைத் தோண்டிப் பார்க்கிற ரிஃப்ளெக்‌ஷனை வைத்து நாம் எழுதின கிளாஸின் பிரைவேட்டைத் திறந்துவிடலாம். கள்ளச்சாவி அங்கே ரெண்டு வரி நீளம், இங்கே ஒரு வரி.

7 அக்டோபர், இரவு 10.40

பைத்தான் 3.13 இன்றுதான் வந்திருக்கிறது. இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் செல்ஃப் பற்றி எழுதிவிடுகிறேன்.

இது மாடுலா-3 என்ற மொழியைப் பார்த்து எடுத்த பழக்கம். இதில் மெத்தட் என்பது தனிப் பிறவி கிடையாது, சாதாரண ஃபங்ஷன்தான். கிளாஸுக்குள் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவு. ஆப்ஜெக்டுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்துக் கூப்பிட்டால் அந்த ஆப்ஜெக்டே முதல் ஆளாக உள்ளே போய் நிற்கும். கிளாஸ் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஆப்ஜெக்டை நீயே முதல் ஆர்கியுமென்டாக (ஃபங்ஷனுக்குள் அனுப்பும் மதிப்பாக) கொடுத்தாலும் அதே வேலை நடக்கும். ஓட்டிப் பார்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அடி வாங்கும் எரர் ஒன்று இருக்கிறது. செல்ஃப் எழுத மறந்து, ஒரு ஆர்கியுமென்ட் கொடுத்து மெத்தடைக் கூப்பிடுவாய். 'ஒன்றுதான் வாங்கும், நீ இரண்டு கொடுத்தாய்' என்று வரும். ஷேர் ஆட்டோவில் ஒற்றையாளாக ஏறினவனிடம் ரெண்டு பேர் காசு கேட்கிற மாதிரி. அந்த இன்னொரு ஆள் யார் என்று புரிந்த அன்றைக்குப் பாதி பைத்தான் புரிந்துவிடும்.

ஜாவாஸ்கிரிப்ட்காரர்களைக் கேட்டுப் பார். 2015இல் அவர்களுக்கும் கிளாஸ் என்ற எழுத்துமுறை வந்தது, அடியில் ஓடுவது, ஒரு ஆப்ஜெக்ட் இன்னொரு ஆப்ஜெக்டைப் பார்த்து நடக்கும் பழைய புரோட்டோடைப்தான். மெத்தடைக் கழற்றி வேறொரு ஃபங்ஷனிடம் கொடுத்தால், அங்கே செல்ஃப் இடத்தில் இருக்கிற 'திஸ்' யாரென்று மறந்துவிடும். பைத்தானில் ஆப்ஜெக்டிலிருந்து கழற்றினாலும் முதல் ஆள் கூடவே ஒட்டிக்கொண்டு வருவார். அதற்காகவே நாலெழுத்து தட்டலாம்.

செல்ஃப் என்பது மொழியே ஒதுக்கி வைத்த சொல்லான கீவேர்டும் இல்லை, வழக்கம் மட்டும். 3.0இலிருந்து மாறிகளின் பேரைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால் என் சொந்த ஸ்கிரிப்டில் முதலில் 'தான்' என்று வைத்தேன். தான்.பாக்கி என்று படிக்கும்போதெல்லாம் பல்லில் கல் கடித்தது. 'தன்' என்று மாற்றினேன். தன்.பாக்கி! இலக்கணம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஆபீஸ் கோடில் இதைச் செய்தால் ரிவ்யூவில் உதைப்பார்கள். வீட்டில் யார் கேட்பது?

10 அக்டோபர், இரவு 12.15

அது என்ன சொந்த ஸ்கிரிப்ட் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், உன் கேள்விக்கும் அதில்தான் பதில் இருக்கிறது. முதல் நாள் நான் எழுதினதில் பாதி வாய்ச்சவடால்.

என் சித்தி திருவல்லிக்கேணியில் சின்ன மெஸ் வைத்திருக்கிறாள். பக்கத்து மேன்ஷன்களிலிருந்து நாற்பது பேர் பற்று வைத்துச் சாப்பிடுகிறார்கள். எல்லாம் நோட்டில்தான். மாசக் கடைசியில் கூட்டிப் போட ஒரு நாள் போகும். 'கம்ப்யூட்டர் படிச்சு என்னடி பிரயோஜனம்' என்று கேட்டதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். கீவேர்டையும் தமிழெழுத்தில் போட்டிருக்கிறேன், ஓட்டிப் பார்ப்பவர்கள் மாற்றிக்கொள்ளவும்.

கிளாஸ் பற்று:
    சாப்பிட்டது = []
    பாக்கி = 0

    டெஃப் எழுது(தன், பண்டம், விலை):
        தன்.சாப்பிட்டது.அப்பெண்ட்(பண்டம்)
        தன்.பாக்கி += விலை

ஒரு ஆளை வைத்துச் சோதித்தேன். இட்லி, மதியச் சாப்பாடு, ஆம்லெட், கூட்டுத்தொகை எல்லாம் சரி. கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மாசக் கடைசியில் சீட்டு அச்சடித்தால், சுத்த சைவமான ஒரு ஐயர் பையன் பேரில் முப்பத்தேழு ஆம்லெட். ஆளாளுக்கு சீட்டு ஒரு முழம் நீளம். நாற்பது பேர் தின்றதும் நாற்பது சீட்டிலும் இருக்கிறது. ஆனால் கீழே தொகை மட்டும் ஒவ்வொருவருக்கும் பைசா சுத்தமாகச் சரி! இதுதான் என்னைக் குழப்பியது. தொகையும் தப்பாக வந்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பேன்.

நடந்தது இது. கிளாஸுக்கு நேரடியாக அடியில் எழுதின லிஸ்ட் (அந்த [] ) கிளாஸுக்குச் சொந்தம், எந்த ஆளுக்கும் தனியாக இல்லை. தன்.சாப்பிட்டது என்று கேட்டால் பைத்தான் முதலில் ஆப்ஜெக்டிடம் தேடும். அங்கே இல்லையென்றால் கிளாஸிடம் போகும். கிளாஸிடம் ஒரே ஒரு லிஸ்ட் இருக்கிறது, அதை எடுத்துக் கொடுக்கும். அப்பெண்ட் அந்த ஒரே லிஸ்டில் போய் எழுதும். நாற்பது பேரும் அதில்தான் எழுதியிருக்கிறார்கள்.

தொகை எப்படித் தப்பியது? தன்.பாக்கி += விலை என்பதில் ரெண்டு வேலை. படிக்கும்போது கிளாஸிடமிருந்து பூஜ்யத்தை எடுக்கிறது. கூட்டி முடித்துத் திரும்ப எழுதும்போது ஆப்ஜெக்டின் மேலேயே எழுதிவிடுகிறது. எண்ணை இருந்த இடத்திலேயே மாற்ற முடியாது, புதிதாக ஒன்று பிறந்துதான் ஆகணும். அதனால் முதல் இட்லியோடு ஒவ்வொருவருக்கும் சொந்தப் பாக்கி உண்டாகிவிட்டது. தேடுவது மேலே ஏறிப்போய்த் தேடும், எழுதுவது எப்போதும் கீழேயே எழுதும். இந்த ஒரு வரியை இன்டர்வியூவில் சொல்லியிருந்தால் வேலை கொடுத்திருப்பார்கள்.

ஒவ்வொரு ஆப்ஜெக்டும் பிறக்கும்போது ஓடும் __இனிட்__ மெத்தடுக்குள் லிஸ்டைக் கொண்டுபோய் தன்.சாப்பிட்டது = [] என்று வைத்ததும் சரியாயிற்று.

சித்தியிடம் இதை விளக்கப் பத்து நிமிஷம் முயன்றேன். அவள் ரசத்தைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்: "ஆளுக்கொரு நோட்டு போடச் சொன்னா, ஒரே நோட்டை எல்லார் கையிலயும் குடுத்துட்டியாடி?" இதைவிடச் சுருக்கமாக எந்த டாக்குமென்டேஷனும் சொல்லவில்லை.

11 அக்டோபர்

ஆயுத பூஜை. லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தாயிற்று. மூடியிருக்க வேண்டிய நேரத்தில் போனில் தட்டுகிறேன்.

'டேட்டாகிளாஸ் போட்டிருந்தால் இந்த பக் வந்திருக்காதே' என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். கிளாஸின் வழக்கமான சில்லறை வரிகளைத் தானே எழுதிக்கொள்ளும் வசதி அது, 3.7இல், 2018இல் வந்தது. பாதி சரி. எண்ணா, லிஸ்டா என்று வகை சொல்லும் டைப் குறிப்போடு எழுதின வரியில் வெறும் லிஸ்டை வைத்தால் 'இதை இப்படி வைக்காதே' என்று எரர் கொடுத்து நிறுத்தும். டைப் குறிப்பை விட்டுவிட்டால் அதை ஃபீல்டாகவே எண்ணாது. பழையபடி கிளாஸின் ஒற்றை நோட்டுதான், சத்தமும் வராது. என்னைப் போல அவசரத்தில் எழுதுகிறவள் டைப் குறிப்பையா ஒழுங்காகப் போட்டிருப்பாள்?

15 அக்டோபர், மாலை 4.30

கொட்டுகிறது. வேளச்சேரிப் பக்கம் மேம்பாலத்தில் கார்களை ஏற்றி வரிசையாக நிறுத்திவிட்டார்கள். எல்லாருக்கும் வீட்டிலிருந்தே வேலை. கரண்ட் இருக்கும்வரை, ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸின் மெத்தடைக் கூப்பிட உதவும் சூப்பர் பற்றி எழுதுகிறேன், நீ நேற்று கேட்டது.

சூப்பர் என்றால் அப்பா கிளாஸ் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ஜாவாவில் எக்ஸ்டெண்ட்ஸ் போட ஒரே ஒரு அப்பாதான், அதனால் குழப்பமே வராது. பைத்தானில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பிள்ளையாகப் பிறக்கலாம்.

மெஸ்ஸுக்கு வா. 'பற்று' ஆதி கிளாஸ். அதிலிருந்து ரெண்டு கிளாஸ். மாதப்பற்று: மாசம் முழுக்கச் சாப்பிடுகிறவர், கொஞ்சம் தள்ளுபடி. பார்சல்பற்று: சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு போகிறவர், டப்பாவுக்கு 5 ரூபாய். அப்புறம் ஒரு நர்ஸ் பெண் வந்தாள். மாசக் கணக்கும் வேண்டும், நைட் டியூட்டி என்பதால் பார்சலும் வேண்டும். மாதப்பார்சல் என்று நாலாவது கிளாஸ், ரெண்டு பேருக்கும் பிள்ளை. படம் போட்டால் வைர வடிவம் வரும்.

முதலில் நான் எழுதினது: மாதப்பற்றின் பில் மெத்தட் பற்று கிளாஸின் பில்லைப் பேர் சொல்லிக் கூப்பிடும். பார்சல்பற்றும் அப்படியே. மாதப்பார்சல் இந்த ரெண்டையும் கூப்பிட்டுக் கூட்டும். அந்தப் பெண்ணுக்கு சாப்பாட்டுக் காசு ரெண்டு தடவை விழுந்தது. பாவம், முதல் மாசம் கேட்காமல் கொடுத்தும்விட்டாள். சித்தி நோட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அத்தை மகனைக் கட்டிக்கொண்ட வீடு. பிறக்கிற பிள்ளைக்கு அம்மா வழிக் கொள்ளுப்பாட்டியும் அப்பா வழிக் கொள்ளுப்பாட்டியும் ஒரே கிழவி. காதுகுத்துக்கு ரெண்டு வழியிலும் முறை வருகிறதென்று கிழவி ரெண்டு மொய் எழுதுவாளா? எழுத மாட்டாள். ரெண்டு பக்கத்து ஆட்களும் எழுதி முடித்த பிறகு, கடைசியில் ஒரே தடவை எழுதுவாள்.

சூப்பர் செய்வதும் அதுவே. கிளாஸ் உருவாகும்போதே பைத்தான் ஒரு வரிசை போட்டு வைத்துவிடும்: மாதப்பார்சல், மாதப்பற்று, பார்சல்பற்று, பற்று, கடைசியில் எல்லா கிளாஸுக்கும் மூலமான 'ஆப்ஜெக்ட்' என்ற கிளாஸ். சூப்பர் என்றால் இந்த வரிசையில் எனக்கு அடுத்தவர். அதனால் மாதப்பற்றுக்குள் எழுதின சூப்பர், அந்த நர்ஸ் பெண்ணின் கணக்கில் பற்றுக்குப் போகாமல் பார்சல்பற்றுக்குப் போகும். மாதப்பற்றை எழுதும்போது பார்சல் என்ற கிளாஸே உலகத்தில் இல்லாமல் இருந்திருக்கலாம், அப்படியும் போகும். வேறொருவரின் கணக்கில் அதே வரி நேராகப் பற்றுக்குப் போகும். யாருடைய கணக்கு என்பதை வைத்துத்தான் அடுத்த ஆள் முடிவாகிறார், எழுதின இடத்தை வைத்து இல்லை.

இந்த வரிசை போடும் முறைக்கு சி3 என்று பேர். டிலன் என்ற மொழிக்காக யோசித்தது, பைத்தானுக்கு 2.3இல், 2003இல் வந்தது. பிள்ளை எப்போதும் பெற்றவருக்கு முன்னால் நிற்கணும், நீ அடைப்புக்குறிக்குள் எழுதின இடவல வரிசையும் குலையக் கூடாது. ரெண்டும் ஒத்து வரவில்லையென்றால் கிளாஸையே உருவாக்க மாட்டேன் என்று டைப் எரர் வரும். (பற்று, மாதப்பற்று) என்று எழுதிப் பார். பாட்டியை முன்னால் நிறுத்திப் பேத்தியைப் பின்னால் நிறுத்தினால் பந்தியே கிடையாது என்கிறது.

கரண்ட் போயி

15 அக்டோபர், இரவு 9.50

வந்துவிட்டது. 'போயிற்று' என்று முடிக்க இருந்தேன்.

16 அக்டோபர், காலை 11.00

பத்தாம் தேதி எழுதினதில் ஒரு தப்பு. 'முதலில் ஆப்ஜெக்டிடம் தேடும், அப்புறம் கிளாஸ்' என்று அடித்துச் சொன்னேன். முழுக்க உண்மை இல்லை. புராபர்ட்டி (வெளியே வெறும் பேர் மாதிரி தெரியும், உள்ளே மெத்தட் ஓடும்) ஒன்று கிளாஸில் இருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை. பேரையும் மதிப்பையும் ஆப்ஜெக்ட் சேர்த்து வைத்திருக்கும் சொந்த டிக்‌ஷனரியில் அதே பேரில் என்ன கிடந்தாலும் பைத்தான் அதைத் திரும்பிப் பார்க்காது. எழுதும்போதும் அப்படியே, அதற்கென்று வைத்த செட்டர் என்ற மெத்தட் ஓடும். 'எழுதுவது எப்போதும் கீழேயே' என்றதில் அந்த 'எப்போதும்' மட்டும் தப்பு.

இது தெரியாமலா எழுதினேன்? தெரிந்தேதான், சுருக்கமாக இருக்கட்டுமென்று விட்டேன். ஆனால் இதே விஷயம் என்னை ஒரு தடவை அழவிட்டிருக்கிறது.

என் முதல் வேலை, ஓஎம்ஆரில் ஒரு கம்பெனி. பேர் வேண்டாம். பைத்தான் 2. தள்ளுபடி நூறு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று புராபர்ட்டி வைத்து செட்டரில் தடுத்திருந்தேன். படிக்கும்போது கெட்டர் ஒழுங்காக ஓடியது. எழுதும்போது செட்டர் ஓடவே இல்லை. 140 சதவீதம் என்று கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறது, எரர் இல்லை, ஒன்றும் இல்லை. ரெண்டு நாள். டீம் லீட் என் பின்னால் வந்து நின்று 'என்னம்மா, இன்னும் முடியலையா' என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

காரணம் இது. 2.2இல், 2001 டிசம்பரில், பைத்தானின் கிளாஸ் அமைப்பையே மாற்றினார்கள். புது வகை, பழைய வகை என்று ரெண்டும் கூடவே ஓடின. பைத்தான் 2இல் கிளாஸ் பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ஆப்ஜெக்ட் என்று எழுதாவிட்டால் அது பழைய வகை. பழைய வகையில் செட்டர் செல்லாது, மதிப்பு நேராக ஆப்ஜெக்டின் மேல் விழுந்துவிடும். நான் எழுதாமல் விட்டது அந்த ஒரு வார்த்தை. 2008இல் 3.0 வந்தபோது பழைய வகை ஒழிந்தது. நீ பிழைத்தாய்.

உன் 'பின்னால் ஒட்டவைத்த மாதிரி' என்ற பேச்சை முதல் நாள் எடுத்த எடுப்பில் தள்ளினேனே, அந்த ரெண்டு நாளை நினைத்தால் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கிளாஸை ஒட்டவைக்கவில்லை. ஆனால் நடுவில் அஸ்திவாரத்தைத் தோண்டி மாற்றியிருக்கிறார்கள், அப்போது அந்த வீட்டில் குடியிருந்தவர்களில் நானும் ஒருத்தி.

20 அக்டோபர், இரவு 11.45

சித்தி ஒரு பையனைத் திட்டிவிட்டாள். அவன் 1500 ரூபாய் ஜிபேயில் போட்டிருக்கிறான், ஸ்கிரிப்டில் பாக்கி குறையவில்லை. அவன் போனைக் காட்டுகிறான், இவள் சீட்டைக் காட்டுகிறாள்.

உட்கார்ந்து பார்த்தேன். பணம் வந்தால் தன்.கொடுத்தது என்ற பேரில் ஏற வேண்டும். ஏறுகிறது. பாக்கி பார்க்கும்போது கொடுத்தது பூஜ்யம். ஒரு மணி நேரம் அதே நாலு வரியை வெறித்தேன். கடைசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மாட்டியது. ஓரிடத்தில் கொடுத்தது, இன்னோரிடத்தில் கெரடுத்தது. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம். சித்தி மகன் டைப்ரைட்டிங் படித்தவன், நடுவில் அவன் ஒரு திருத்தம் செய்திருக்கிறான். என் எடிட்டர் ஃபான்டில் ரெண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

ஜாவாவாக இருந்தால் கம்பைல் ஆகியிருக்காது, 'கெரடுத்தது என்று ஒன்றுமே இல்லையே' என்று அங்கேயே நின்றிருக்கும். பைத்தான் கேட்டதும் கொடுத்துவிட்டது. அப்படி ஒரு பேர் இல்லையா, சரி, இந்தா உண்டாக்கிவிட்டேன். வாரி வழங்கும் வள்ளல்.

இப்போது உன் கேள்வியை வேறு மாதிரி பார்க்கிறேன். வெளியாள் உள்ளே எட்டிப் பார்ப்பானோ என்று நீ பயந்தாய். சித்தி மெஸ்ஸில் எட்டிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? உள்ளே இருக்கிற நாமே தப்பான கதவைத் திறக்கிறோம், அந்தக் கதவு நாம் தொட்டவுடன் சுவரில் முளைக்கிறது. எனக்கு வேண்டியிருந்த காவல் இதற்குத்தான்.

காவல் இருக்கிறது. கிளாஸில் __ஸ்லாட்ஸ்__ என்று எழுதி அனுமதித்த பேர்களை வரிசையாகக் கொடுத்துவிட்டால், அதற்கு வெளியே எதை வைக்கப் போனாலும் எரர். நிஜத்தில் அது மெமரியை மிச்சப்படுத்த வந்தது. நான் கூர்க்காவாக வைத்திருக்கிறேன்.

22 அக்டோபர், இரவு 10.10

கூர்க்கா வந்த அன்றே சண்டை. மூன்று விஷயம், சுருக்கமாக.

மேலே பாக்கி = 0 என்று கிளாஸில் விட்டுவைத்திருந்தேன், ஸ்லாட்ஸிலும் பாக்கி என்று எழுதினேன். ரெண்டும் முட்டுகிறது என்று வேல்யூ எரர். பூஜ்யத்தையும் __இனிட்__டுக்குள் கொண்டுபோனேன். பத்தாம் தேதியே செய்திருக்க வேண்டியது.

பிள்ளை கிளாஸில் ஸ்லாட்ஸ் எழுதாவிட்டால் அதன் ஆப்ஜெக்டுகளுக்குப் பழையபடி திறந்த டிக்‌ஷனரி வந்துவிடும். அப்பா போட்ட வேலி பிள்ளைக்குத் தானாக வராது. கெரடுத்தது மறுபடியும் முளைக்கும்.

மூன்றாவது எனக்கே புதிது. இனி வரவுகளைப் போனிலிருந்து ஒரு சிஎஸ்வி (கமா போட்டுப் பிரித்த அட்டவணை) கோப்பாக எடுத்து, தலைப்பு வரியில் இருக்கிற பேரை அப்படியே, பேரைச் சொன்னால் ஆப்ஜெக்டில் மதிப்பை வைக்கும் செட்அட்ர் மூலம் ஏற்றலாமென்று பார்த்தேன். 'கொடுத்தது என்று ஒரு அட்ரிபியூட் இல்லை' என்று எரர். அட்ரிபியூட் என்றால் ஆப்ஜெக்டில் வைத்திருக்கிற பேர். இருக்கிறது! ஸ்லாட்ஸில் எழுதியிருக்கிறது! இந்த முறை ரகரமும் இல்லை, பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். நீளத்தைக் கேட்டேன். என் கோடில் இருக்கும் கொடுத்தது 9, கோப்பிலிருந்து வந்த கொடுத்தது 10.

கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் கொ என்பதை, ககரத்தோடு ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று ரெண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. கோடில் பேராக எழுதினால் பைத்தான் படிக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும், அதனால் இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை. செட்அட்ருக்குக் கொடுப்பது வெறும் சரம், அதாவது எழுத்துத் தொடர். சரத்தைத் தொடாது, வந்தபடியே ஏற்றும். யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் செய்து, அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றி, கொடுத்ததும் ஏறியது. கூர்க்கா இல்லாவிட்டால் சத்தமில்லாமல் ரெண்டு கொடுத்தது கூடவே உட்கார்ந்திருக்கும், இன்னொரு பையன் திட்டு வாங்கியிருப்பான்.

27 அக்டோபர், மதியம்

தம்பிக்கு அடுத்த இன்டர்வியூ செவ்வாய்க்கிழமையாம். 'இரட்டை அடிக்கோடு போட்டால் பிரைவேட் என்று சொல்லலாமா' என்று கேட்கிறான். சொல்லாதே.

நானும் ஒரு நாள் ஆசைப்பட்டு தன்.__பாக்கி என்று பற்று கிளாஸில் வைத்தேன். மாதப்பற்றுக்குள் அதே தன்.__பாக்கியைப் படித்தால் இல்லை என்றது. பெற்ற பிள்ளைக்கே தெரியவில்லை. ஏனென்றால் பற்றுக்குள் எழுதினது _பற்று__பாக்கி என்று மாறிவிடும், மாதப்பற்றுக்குள் எழுதினது _மாதப்பற்று__பாக்கி என்று மாறிவிடும். வெளியிலிருந்து அந்த முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்கும் கதவு திறக்கும். இது இனிஷியல், தம்பி. ஒரே வகுப்பில் மூணு முருகன் இருந்தால் டீச்சர் எஸ். முருகன், கே. முருகன் என்று கூப்பிடுவாரே, அதற்கு. அப்பா கிளாஸில் வைத்த பேரும் பிள்ளை கிளாஸில் தெரியாமல் வைத்த பேரும் மோதாமல் இருக்க. இனிஷியல் போட்டதால் முருகனை யாரும் பார்க்க முடியாமல் போய்விடுமா?

என்காப்சுலேஷன் எப்படி என்று கேட்டால் புராபர்ட்டியைச் சொல். முதலில் வெறும் அட்ரிபியூட்டாக வை, காவல் தேவைப்படும்போது அதே பேரில் புராபர்ட்டியாக மாற்று, வெளியே இருக்கிற கோடில் ஒரு எழுத்தும் மாற வேண்டாம். ஜாவாவில் கெட்டர், செட்டர் என்று முதல் நாளே எழுதி வைக்கிறோமே, பின்னால் மாற்ற முடியாது என்ற பயத்தில்தானே? இங்கே அந்தப் பயம் இல்லை. உண்மையான மறைப்பு வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்டில் இப்போது இருக்கிறது, பேருக்கு முன்னால் ஹாஷ் குறி (#), 2022 தரத்தில் வந்தது. ஸ்கிரிப்ட் மொழி என்றால் பூட்டே கிடையாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடாதே. கேட்பவர் முன்பே படித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

29 அக்டோபர்

வேலை கிடைத்துவிட்டதாம். என்காப்சுலேஷனே கேட்கவில்லையாம். ஒரு லிஸ்டைத் திருப்பிப் போடச் சொன்னார்களாம்.

2 நவம்பர், இரவு 9.30

தீபாவளிக்கு மேன்ஷன்கள் காலி. மெஸ்ஸும் ஐந்து நாள் லீவு. நிதானமாக ஸ்கிரிப்டை மேலிருந்து கீழே படித்தேன்.

மாதப்பார்சல் கிளாஸை அழித்துவிட்டேன். பார்சல்பற்றையும், பிறகு மாதப்பற்றையும். பதினைந்தாம் தேதி மழையில் அவ்வளவு பெருமையாக எழுதின வைரத்தில் இப்போது ஒரு பக்கமும் இல்லை. பார்சல் டப்பா 5 ரூபாய், சாப்பிட்டது பட்டியலில் இட்லி மாதிரி இன்னொரு வரி. மாசத் தள்ளுபடி பில்லில் ஒரு இஃப், அதாவது 'இப்படியானால் இதைச் செய்' என்ற ஒரு வரி. நோட்டில் சித்தி எழுதி வைத்திருப்பதும் அப்படியேதான். அவள் எந்த நாளும் பார்சல்காரருக்கென்று தனி ஜாதி நோட்டு போட்டதில்லை. பற்று என்ற ஒரு கிளாஸ் மட்டும் இருக்கிறது, ஸ்லாட்ஸோடு. அதை எடுக்க மனசு வரவில்லை.

அக்டோபர் கணக்கை நோட்டோடு வைத்து ஒத்துப் பார்த்தோம். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் சரி. ஒருவருக்கு 12 ரூபாய் இடித்தது. ஒன்றரை மணி நேரம் தேடினோம். பதினெட்டாம் தேதி ஒரு வடை, நோட்டில் ரெண்டு தடவை.

சித்தி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் ரெண்டு வடை தின்றான், நீதான் ஒன்றை விட்டுவிட்டாய் என்கிறாள்.